பழைய காரின் ஸ்ரியறிங்: தேய்க்க முன் திருப்பிப் பாருங்கள்

1990 இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்ற பிறகு எங்கள் கராஜ்களில் நடந்த வேலைகளைச் சொன்னால் இங்கு வளரும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விட்டோம். ஸ்ரியறிங் வெடித்திருந்தால் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றுவோம். கார் ஓட வேண்டும், அவ்வளவுதான். எந்தச் சாமான் எந்தக் காரில் இருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் கைப்பழக்கத்தோடு 1992 இல் கனடா வந்தேன். இரண்டு வருடம் கோப்பை கழுவினேன். பிறகு ஸ்காபரோவில் ஒரு கராஜில் வேலை கிடைத்தது. முதலாளி ஒரு வயதான இத்தாலியர். பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பித்துக் கொடுப்பது அவருடைய தொழில். அதிலும் 'மசில் கார்' என்று இங்கு சொல்வார்களே, அந்த வகைதான் கூடுதலாக வரும். நடுத்தர அளவுக் காருக்குள் மிகப் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைத் திணித்தால் அது மசில் கார். 1964 இல் வந்த பொன்ரியாக் ஜி.ரி.ஓ. என்ற காரோடு இந்த ஆட்டம் சூடு பிடித்தது. காப்புறுதிக் கட்டண உயர்வு, புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள், 1973 எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து பத்தே வருடத்தில் அதை முடித்தும் வைத்தன.

ஒரு நாள் ஒருவர் 1969 ஆம் ஆண்டு போர்ட் முஸ்ராங் மாக் 1 ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய தகப்பன் புதிதாக வாங்கி ஓட்டிய கார். தகப்பன் காலமாகிவிட்டார். ஸ்ரியறிங் வளையத்தில் மூன்று வெடிப்பு. முதலாளி அதை என்னிடம் தந்தார். ஊரில் செய்த வேலையை விட நன்றாகச் செய்துகாட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. வெடிப்புகளை நிரப்பினேன். வளையத்தின் இடப்பக்கத்தில் பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்திருந்தது, அதையும் நிரப்பினேன். குடத்தின் பின்பக்கம் அழுக்கேறிக் கிடந்தது. கம்பித் தூரிகை பூட்டிய கிரைண்டரால் வழவழவென்று தேய்த்துக் கறுப்பு அடித்தேன்.

வந்தவர் அதை வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு பெருவிரலை இடப்பக்கத்தில் வைத்துத் தடவினார். "நல்ல வேலைதான். ஆனால் இது அப்பாவுடையது என்று இனி எதை வைத்துச் சொல்வேன்?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. காசும் முழுதாகக் கொடுத்தார். முதலாளி அன்று என்னோடு பேசவில்லை. அடுத்த நாள் காலையில் பழைய ஸ்ரியறிங் பத்துப் பன்னிரண்டை மேசையில் கவிழ்த்து வைத்து, வா என்று கூப்பிட்டார். இந்த வேலையை நான் படிக்கத் தொடங்கியது அன்றுதான்.

முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கத்தில் உள்ள இலக்கங்களை. போர்ட் சாமான்களில் ஸ்ரியறிங் வளையத்துக்கு உரிய அடிப்படை இலக்கம் 3600. அதற்கு முன்னால் வரும் எழுத்துகள் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. 'சி' என்றால் அறுபதுகள், 'டி' என்றால் எழுபதுகள். அடுத்த இலக்கம் அந்தப் பத்து வருடத்துக்குள் எந்த வருடம் என்று சொல்லும். மூன்றாவது எழுத்து காரின் வகை, 'இசட்' என்றால் முஸ்ராங். ஆகவே 'சி 9 இசட்' என்று தொடங்கினால் 1969 முஸ்ராங்குக்காக வரையப்பட்டது. ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வேறொரு காருக்கு வரைந்த சாமானை இதற்கும் பூட்டுவது தொழிற்சாலைகளில் வழமை. எழுத்து மாறியிருக்கிறது என்பதால் மட்டும் அது போலி ஆகிவிடாது.

சாமான் மட்டும் பேசினால் போதாது, காரும் பேச வேண்டும். 1969 முஸ்ராங்கின் சாரதிக் கதவுத் தகட்டில் 63சி என்று இருந்தால் அது மாக் 1. 1967 முதலான போர்ட் கார்களுக்கு உற்பத்திப் பதிவில் இருந்தே அறிக்கை எடுக்கலாம். ஜெனரல் மோட்டோர்ஸ் கார்களில், தொழிற்சாலையில் பாவித்த விபரத்தாள் பெற்றோல் தாங்கியின் மேலோ ஆசனச் சுருள்களுக்குள்ளோ செருகியபடி கிடைப்பதுண்டு. எங்கள் ஆட்கள் பலர் வாழும் ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள ஒஷாவாவிலும் இந்தக் கார்கள் செய்யப்பட்டன. 1970 செவ்ரலே செவெல் ஒன்றின் அடையாள இலக்கத்தில் ஏழாவது இடத்தில் 1 இருந்தால் அது ஒஷாவாப் பிறப்பு.

மரம் போல் தெரிவதெல்லாம் மரமும் இல்லை. அந்தக் காலத்து 'மர' ஸ்ரியறிங்குகளில் பெரும்பாலானவை ரேகை பதித்த பிளாஸ்ரிக். செவ்ரலே கோர்வெற் காருக்கு 1965, 1966 ஆண்டுகளில் உண்மையான தேக்கில் செய்த வளையம் மேலதிகக் காசுக்குக் கிடைத்தது. தேக்கு என்றால் என்ன என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை, கையில் எடுத்தாலே தெரியும்.

கழற்றுவதில்தான் ஆபத்து. 1968 ஜனவரி முதலாம் திகதி முதல் அமெரிக்கப் பாதுகாப்பு விதிப்படி, மோதினால் ஸ்ரியறிங் சாரதியின் நெஞ்சைத் தாக்காதவாறு கார்கள் அமைய வேண்டும். அதற்காக உள்நோக்கி மடங்கும் தண்டு வைத்தார்கள். அதைப் பிடித்து வைத்திருப்பவை சிறிய பிளாஸ்ரிக் ஆணிகள். ஊரில் செய்வது போல் சுத்தியலால் தட்டினால் அவை உள்ளே முறிந்துவிடும், வெளியில் தெரியாது. பற்றரியைக் கழற்றி, தண்டிலும் குடத்திலும் நேர்க்கோடு ஒன்று கீறி, நட்டை முழுதாக எடுக்காமல் சில சுற்று மட்டும் தளர்த்தி, புல்லர் பூட்டி இழுக்க வேண்டும். இன்னொன்று: இப்போது நீங்கள் ஓடும் காரில் இதைச் செய்து பார்க்காதீர்கள். 1990களின் பிற்பகுதி முதல் வந்த கார்களில் நடுவே காற்றுப்பை இருக்கிறது. அது தவறி வெடித்தால் முகம் போய்விடும்.

வெடிப்பு வருவது பெரும்பாலும் ஆரக்கால் வளையத்தோடு சேரும் இடத்தில். உள்ளே இரும்பு, வெளியே பிளாஸ்ரிக். பிளாஸ்ரிக் வயது போகச் சுருங்கும், இரும்பு சுருங்காது. வெடிப்பை மேலால் பூசி மறைத்தால் அடுத்த மாரியில் திரும்பத் திறக்கும். இரும்பு தெரியும் வரை வாய்க்கால் மாதிரி அகட்டி, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, இரண்டு பொருள் கலக்கும் எப்பொக்சிப் பசையை அழுத்தி நிரப்பி ஒரு நாள் விட வேண்டும். காரின் உடம்புக்குப் பூசும் மாவைப் பாவிக்க வேண்டாம். அது வெடிக்கும். பிறகு 80, 220, 400 இலக்கச் சாண்ட் பேப்பர். வளையத்தின் பின்னால் விரல் பதியும் மேடுகள் இருக்கும். தொடங்க முன் அவற்றை எண்ணி எழுதி வையுங்கள், தேய்க்கிற வேகத்தில் ஒன்று காணாமல் போகும். இலக்கங்களின் மேல் முதலே ரேப் ஒட்டிவிடுங்கள்.

போன மாதம் ஒரு தம்பி வந்தான். பதினெட்டு மாதம் இரவு வேலை செய்து 1969 மாக் 1 ஒன்று வாங்கியிருக்கிறான். கையில் பளபளவென்று ஒரு ஸ்ரியறிங்.

"அங்கிள், ஒறிஜினல் எண்டு சொல்லித்தான் வித்தவன்."

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை. வார்ப்பின் விளிம்பு நேற்று வெட்டியது போல் கூராக இருந்தது. புதுப் பிரதி. பிரதி செய்வது குற்றமில்லை, பிரதி என்று சொல்லி விற்றால் நானே வாங்குவேன்.

"காரோட வந்தது எங்கை?"

"அது வெடிச்சுப் போச்சு. டிக்கிக்குள்ள கிடக்கு, எறியத்தான்."

எடுத்து வரச் சொன்னேன். நான்கு வெடிப்பு. துடைத்துப் பார்த்தால் குடத்தின் பின்னால் சி, 9, இசட். பிரதியைக் கொடுத்துக் காசைத் திரும்பக் கேட்கச் சொல்லி அனுப்பினேன். பாதிக் காசுதான் கிடைத்தது.

வெடிப்பு வேலை முடிந்துவிட்டது. ஹோர்ண் மட்டும் மிச்சம். மாக் 1 இல் ஹோர்ண் அடிக்க நடுவில் அமத்துவதில்லை, வளையத்தின் உட்பக்கத்தை எங்கு அமத்தினாலும் அடிக்கும். உள்ளே ஓடும் இறப்பர்ப் பட்டியில் இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்வதுதான் சூட்சுமம். இறப்பர் காய்ந்து சுருங்கினால் ஒன்றில் அடிக்காது, அல்லது குளிர் இரவில் தானாக அடித்து அயலை எழுப்பும். அந்தப் பட்டியை இப்போது புதிதாகச் செய்கிறார்கள். சொல்லி அனுப்பியிருக்கிறோம், இன்னும் வரவில்லை. தம்பி ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து கேட்டுவிட்டுப் போகிறான்.