டிரான்ஸ்பார்மர் வெடிக்கும் முன்பே சொல்லிவிடும்... நாம் கேட்கிறோமா?

கோடை மழை பிடிக்கிற சாயங்காலம். ஒரு மின்னல், கூடவே 'டமார்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஊரே இருட்டு.

கள்ளக்குறிச்சி டவுன் என்றால் எப்படியாவது சமாளித்துவிடலாம். அதுவே கல்வராயன் மலை கிராமம் என்றால்? பல நூறு கிலோ எடையுள்ள மாற்று டிரான்ஸ்பார்மர், மலைப்பாதை வளைவுகளில் ஏறி வந்து சேர வேண்டும். அதுவரை மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. செல்போனில் சார்ஜ் நிற்காது. மரவள்ளிக்குத் தண்ணீர் பாயாது.

"மின்னல் அடிச்சிடுச்சு" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால், பல நேரம் மின்னல் கொடுப்பது கடைசி அடி மட்டும்தான். டிரான்ஸ்பார்மர் அதற்கு வெகுநாள் முன்பிருந்தே நோயாளியாக இருந்திருக்கும்!

நோய் எங்கே தொடங்குகிறது?

உயர் அழுத்தக் கம்பியில் 11,000 அல்லது 22,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை 433 வோல்ட்டாகக் குறைத்துத் தருவதுதான் ஊர் டிரான்ஸ்பார்மரின் வேலை. உள்ளே செம்பு அல்லது அலுமினியச் சுருள், அதைச் சுற்றிக் காகிதம், எல்லாம் மூழ்கியிருக்க எண்ணெய். இதற்கு இரண்டு எதிரிகள்: சூடு, ஈரம். அளவுக்கு மேல் 6 டிகிரி சூடு தொடர்ந்து இருந்தாலே அந்தக் காகிதத்தின் ஆயுள் பாதியாகிவிடும் என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு.

சூடு எப்படி ஏறுகிறது? 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு 5 எச்.பி. மோட்டார் சுமார் 6 கே.வி.ஏ. இழுக்கும். ஆக, பத்து மோட்டார் ஓடினாலே கிட்டத்தட்ட முழு லோடு. தண்ணீர் ஆழத்துக்குப் போனதும் பத்துப் பேரும் 7.5 எச்.பி.க்கு மாறினால், லோடு 85 கே.வி.ஏ.வைத் தாண்டும். 63 மூட்டை ஏற்ற வேண்டிய வண்டியில் 85 மூட்டை!

இன்னொரு வில்லன் ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்ட் திரும்பி வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும். நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார், கிளம்பும்போது வழக்கத்தைவிட 5 முதல் 7 மடங்கு வரை கரண்ட் இழுக்கும். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டுவதும் இதே ரகம்தான். பேஸ்களில் சுமை சமமாக இருக்காது.

அறிகுறிகள் இவைதான்

* வழக்கமான 'ம்ம்ம்' ரீங்காரம் கரகரப்பாக மாறுவது, 'சடசட' என்ற சத்தம் கேட்பது.
* தொட்டியின் அடியில், மூடி ஓரத்தில் எண்ணெய்க் கசிவு. எண்ணெய் குறைந்தால் சூடு ஏறும்.
* 'பிரீதர்' எனப்படும் சிறு குடுவையில் நீல நிற சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறுவது. ஈரம் உள்ளே போகிறது என்று அர்த்தம்.
* ஒரு வீட்டில் லைட் மங்கலாகவும், இன்னொரு வீட்டில் கண்கூசும்படியும் எரிவது. நியூட்ரல் இணைப்பு லூஸாக இருக்கலாம்.
* பியூஸ் அடிக்கடி போவது.

துணை மின்நிலையங்களில் உள்ள பெரிய டிரான்ஸ்பார்மர்களில் 'புக்கோல்ஸ் ரிலே' என்ற கருவி இருக்கும். ஜெர்மனியின் மாக்ஸ் புக்கோல்ஸ் 1921-ல் காப்புரிமை பெற்றது. எண்ணெய்க்குள் கோளாறால் வாயு உருவானால் முதலில் எச்சரிக்கும். பெரிய கோளாறு என்றால் மின்சாரத்தையே துண்டித்துவிடும். ஊர் முனையில் நிற்கும் சின்ன டிரான்ஸ்பார்மருக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு நம் கண்ணும் காதும்தான் ரிலே!

யார் என்ன செய்ய வேண்டும்?

மின்வாரியத்தின் பக்கம் சில வேலைகள் உண்டு. டாங் டெஸ்டரால் ஒவ்வொரு பேஸின் லோடையும் அளப்பது, மெக்கரால் இன்சுலேஷனைச் சோதிப்பது, எண்ணெயின் மின்தாங்கு திறனைப் பார்ப்பது, உரசும் மரக்கிளைகளை மழைக்கு முன்பே வெட்டுவது ஆகியவை அதில் அடங்கும். எர்த்தும் முக்கியம். பாறை மண்ணில் எர்த் எளிதில் பிடிக்காது. எர்த் சரியில்லை என்றால் இடிதாங்கி இருந்தும் பலன் இல்லை. மலைக் கிராமங்களில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. மோட்டாரின் எச்.பி.யைக் கூட்டினால் பிரிவு அலுவலகத்தில் முறையாக விண்ணப்பியுங்கள். உண்மையான லோடு தெரிந்தால்தான் பெரிய டிரான்ஸ்பார்மரோ கூடுதலாக இன்னொன்றோ வைக்க முடியும். ஆட்டோ ஸ்டார்ட்டருக்கு டைமர் வைத்து, பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பேசி, ஆளுக்குச் சில நிமிடங்கள் தள்ளித் தள்ளி மோட்டார் கிளம்பும்படி செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள்: லைன்மேன் வரும்வரை பொறுக்க முடியாமல், நாமே பியூஸ் போடப் போவது. ஸ்விட்சை இறக்கிவிட்டாலும் மேல் பக்கத்துக் கம்பியில் உயர் அழுத்த மின்சாரம் இருக்கும். இப்படிப் போன உயிர்கள் ஏராளம். தப்பித்தவர்களும் பியூஸுக்குப் பதில் தடிமனான கம்பியை முறுக்கிவிட்டு வருகிறார்கள். பிறகு, பியூஸ் எரிய வேண்டிய இடத்தில் டிரான்ஸ்பார்மரே எரிகிறது.

மேலே சொன்ன அறிகுறி எது தெரிந்தாலும், வேலிக்கு வெளியே நின்றபடியே செல்போனில் போட்டோ எடுங்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் டிரான்ஸ்பார்மர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னகம் எண் 94987 94987-ல் புகார் செய்து, புகார் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். வெடித்த பிறகு என்றால், ஊரே இருட்டில் காத்திருக்க வேண்டும்.