எடை குறைஞ்சாச்சு... மாத்திரைச் சீட்டு மாறியதா?

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆடி மாதம் வந்துவிட்டால் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்துப் பந்தல்கள் களைகட்டிவிடும். இலை போட்டு கறிச்சோறு பரிமாறுவார்கள். "இன்னும் கொஞ்சம் வைங்கப்பா" என்று சொந்தபந்தம் விடாமல் உபசரிக்கும். அந்தப் பந்தியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு முன்பு எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர் நீங்கள். உங்கள் இரைப்பையில் சுமார் நான்கில் ஒரு பங்குதான் மிச்சம். ஆனால் இலையின் அளவு மாறவில்லை. காலையில் போட்டுக்கொண்டு வந்த சுகர் மாத்திரையின் அளவும் மாறவில்லை.

இங்கேதான் சிக்கல். ஆபரேஷன் ஒரு நாளில் முடிந்துவிடும். மாறிய உடம்புக்கு ஏற்ப சாப்பாடு, மாத்திரை, பரிசோதனை, சுற்றியுள்ளவர்களின் பழக்கம் எல்லாம் மாற வேண்டும். அது நடக்காவிட்டால் நல்ல பலன் தந்த சிகிச்சையே பின்னால் தொல்லையாகிவிடும்.

ஆபரேஷன் உடம்பில் என்ன செய்கிறது?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பெண்களில் சுமார் 40 பேரும், 100 ஆண்களில் 37 பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இவர்களில் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. எடை மிக அதிகமாக இருந்து, சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, தூக்கத்தில் மூச்சுத் திணறல் போன்றவையும் சேர்ந்தவர்களுக்கே பெரும்பாலும் மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிக் குழாய் போலாக்கிவிடுவார்கள். 'பைபாஸ்' முறையில் இரைப்பையைச் சிறிய பையாக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவு போகும்படி இணைப்பார்கள். இரண்டிலும் சாப்பிடும் அளவு குறையும். பைபாஸில் சத்து உறிஞ்சப்படுவதும் குறையும். உங்களுக்குச் செய்தது எந்த முறை என்பது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள்.

வீடு தேடி வரும் மாத்திரை

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிபி மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. பெரிய உதவிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மாத்திரையின் அளவு உங்கள் பழைய எடைக்கும் பழைய சாப்பாட்டுக்கும் எழுதியதாக இருக்கலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வேகமாகக் குறையும். அப்போதும் பழைய அளவிலேயே இன்சுலினோ சில வகை சுகர் மாத்திரைகளோ எடுத்தால் 'லோ சுகர்' ஆகிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும், பேச்சு குழறும். பிபி மாத்திரை அதிகமானால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.

ஆகவே, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம், "எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று முதலில் சொல்லுங்கள். ஆபரேஷனை நீங்கள் திருச்சியிலோ மதுரையிலோ சென்னையிலோ செய்துகொண்டிருக்கலாம். நீங்கள் சொன்னால்தான் உள்ளூரில் தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, முள்ளூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய் மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீங்களாகவே மாத்திரையை நிறுத்துவதும் தவறு. பழைய அளவிலேயே தொடர்வதும் தவறு.

தட்டில் முதலில் எது?

முதல் சில வாரங்களுக்கு நீர் உணவு, பிறகு மசித்த உணவு, பிறகு குழைவான உணவு, கடைசியில்தான் வழக்கமான சாப்பாடு. எத்தனை நாள் எது என்பதை உங்கள் மருத்துவமனை எழுதிக் கொடுத்தபடியே பின்பற்றுங்கள்.

வழக்கமான சாப்பாட்டுக்கு வந்ததும் வரிசையை மாற்றுங்கள். முதலில் புரதம், அடுத்து காய்கறி, கடைசியில் சோறு. பொதுவாக ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைக் கேட்டுக்கொள்ளவும். இதற்கு விலை உயர்ந்த பவுடர் டப்பா எல்லோருக்கும் வேண்டியதில்லை. 2 முட்டை, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து வரும் மீனில் 100 கிராம், ஒரு கப் சுண்டல், இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர். இவற்றை நாள் முழுவதும் பிரித்துச் சாப்பிட்டால் 60 கிராமை நெருங்கிவிடலாம்.

மெதுவாக, நன்றாக மென்று, 20 நிமிடமாவது எடுத்துச் சாப்பிடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, வாய் வாயாகக் குடியுங்கள். நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். வயிறு நிறைந்தது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு கவளம் கூட வாந்தியாகலாம்.

பாயசம், சர்பத், கரும்புச்சாறு, பாட்டில் குளிர்பானம் ஆகியவற்றைத் தவிருங்கள். குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கிப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். மருத்துவர்கள் இதை 'டம்பிங்' என்பார்கள். எந்தத் தொல்லையும் தராமல் இறங்கிவிடும் ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்கும் வேறு வகையில் ஆபத்து. இறங்கிய எடை மறுபடி ஏற அவையும் காரணமாகலாம்.

சத்து மாத்திரைக்கு லீவு கிடையாது

"உடம்பு நல்லாத்தானே இருக்கு, இனி எதுக்கு மாத்திரை?" பலரும் தடுமாறும் இடம் இது. வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி குறைபாடு மெதுவாக வரும். பி12 குறைந்தால் கை கால் மரத்துப்போகும், மறதி வரும். நாள் கடந்துவிட்டால் நரம்புப் பாதிப்பு முழுவதும் சரியாகாமலும் போகலாம். அதனால் மருத்துவர் எழுதிய சத்து மாத்திரைகள் ஆயுளுக்கும் தொடர வேண்டியவை. கால்சியத்தையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடாதீர்கள். 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையை டீ, காபியோடும் எடுக்க வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை முதல் ஆண்டில் பொதுவாக 3, 6, 12-ஆவது மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் தேவை. மூன்றாவது மாதத்துக்குப் பிறகு முடி கொட்டினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது தற்காலிகம்தான். புரதமும் இரும்பும் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூட்டு வலி, தலைவலி என்று மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள். சில வலி மாத்திரைகள் இரைப்பையில் புண் உண்டாக்கும். புகைப்பதும் அப்படியே. மதுவோ முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும், பழக்கமும் எளிதில் பிடித்துக்கொள்ளும்.

குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் 12 முதல் 18 மாதம் காத்திருப்பது நல்லது. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை முழுப் பலன் தராமல் போகலாம். வேறு முறை பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

இந்த அறிகுறிகள் இருந்தால் தாமதிக்காதீர்கள்

* கடும் வயிற்று வலி, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம்: உடனே 108-ஐ அழையுங்கள். முதல் சில வாரங்களில் இவை மிக முக்கியம்.
* வாந்தி நிற்காமல் இருந்தால் "சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று நாள் கடத்தாதீர்கள். வைட்டமின் பி1 வேகமாகக் குறைந்து மூளையையும் நரம்பையும் பாதிக்கலாம்.
* லோ சுகர் அறிகுறி தெரிந்தால், நினைவு இருக்கும்போதே குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கரைத்த நீர் கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

உங்கள் போனில் இருக்க வேண்டியவை

* டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ரத்தப் பரிசோதனை, மாத்திரைச் சீட்டு மூன்றையும் படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.
* சத்து மாத்திரைகளுக்குத் தனித்தனி அலாரம் வையுங்கள்.
* இ-சஞ்சீவனி செயலியில் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் வீடியோவில் இலவசமாக ஆலோசனை பெறலாம். அவசர நிலைக்கு இது போதாது.
* 104: மருத்துவ ஆலோசனை. 14416: மனநல ஆலோசனை (டெலி மானஸ்).
* 1800 425 3993: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். மறுபடி மருத்துவமனையில் சேர நேர்ந்தால், உங்கள் சிகிச்சை திட்டத்தில் வருமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

துணை இருந்தால் தூரம் தெரியாது

எடை குறைந்தவுடன் மனசும் லேசாகிவிடும் என்று சொல்ல முடியாது. "என்ன, சீக்காளி மாதிரி ஆயிட்டே?" என்று ஊரார் கேட்பது வலிக்கும். முன்பு சாப்பாட்டில் தேடிய ஆறுதல் இப்போது கிடைக்காது. மனச்சோர்வு நீடித்தால் 14416-இல் பேசத் தயங்காதீர்கள். ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் நோயாளிகள் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். குழுவில் அனுபவத்தைப் பகிரலாம், மாத்திரை அளவைப் பகிரக் கூடாது.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது நம் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஒருத்தி ஓட்ட, இன்னொருத்தி பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். உங்களுக்கும் அப்படி ஒரு கை வேண்டும். வீட்டில் ஒருவரை இப்போதே தேர்ந்தெடுங்கள். பரிசோதனைத் தேதியை நினைவூட்டவும், மாலையில் அரை மணி நேரம் சேர்ந்து நடக்கவும், மொய் விருந்துப் பந்தியில் பரிமாற வருபவரிடம் "அவங்களுக்கு ரெண்டு துண்டு கறி மட்டும் போதும்" என்று உங்களுக்காகச் சொல்லவும் அவர் இருக்கட்டும்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். மாத்திரைச் சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய தேதி என்றால், நாளை காலையே மருத்துவரைப் பாருங்கள்.