டரன்டுலா வெர்சஸ் ஒட்டகச் சிலந்தி... கப்பு யாருக்கு?

‘மாப்ள, டரன்டுலாவையும் ஒட்டகச் சிலந்தியையும் ஒரே டப்பாவுல போட்டு மூடினா எதுடா ஜெயிக்கும்?’

பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டலில் கிளம்பும் உலக மகா கேள்விகளில் இதுவும் ஒன்று. பெரம்பலூர், அரியலூர் பக்கம் படிக்கிற பசங்க இதுக்காக ரெண்டு கோஷ்டியாகப் பிரிந்து, பரோட்டா பந்தயம் வரைக்கும் போயாச்சு. சரி, நாமளே தீர்ப்பு சொல்லிடலாம்னு இறங்கினால்... மேட்டர் நாம நினைச்ச மாதிரி இல்லை பாஸ்!

முதலில் வீரர்கள் அறிமுகம். சிவப்பு மூலையில் டரன்டுலா. ‘அது ஏதோ அமேசான் காட்டு ஐட்டம்’னு நினைக்கிறவங்க கையை இறக்கிடுங்க. 1899-ல் போக்காக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் ‘பொயசிலோதீரியா ரீகாலிஸ்’ என்று பெயர் வைத்தாரே, அது கிடைத்தது நம்ம அரக்கோணத்தில். அதே வருஷம் அவர் பெயர் வைத்த ‘ஃபார்மோசா’வுக்கு ஊர் சேலம் பக்கம். 2004-ல் பெயர் பெற்ற ‘ஹனுமவிலாசுமிகா’வோ பக்கா ராமேஸ்வரத்து ஆள். அங்கே இருக்கும் கோயிலின் பெயரையே அதுக்கு வெச்சுட்டாங்க! மரப்பொந்தில் குடியிருக்கும் கோஷ்டி இது. காலை விரித்தால் நம்ம உள்ளங்கையை மூடிவிடும். பெண் சிலந்தி பத்து வருஷத்துக்கு மேல் வாழும்.

நீல மூலையில் ஒட்டகச் சிலந்தி. பெயரில்தான் சிலந்தி. உண்மையில் அது சிலந்தியே இல்லை, தேளும் இல்லை. ‘சொலிஃபியூஜி’ என்று தனி வரிசை. ‘சூரியனைக் கண்டு ஓடுபவை’ என்று அர்த்தம். உலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள். வலை பின்னத் தெரியாது, நூல் விடத் தெரியாது. காய்ந்த பூமி, ராத்திரி நேரம், ஓட்டம்... இதுதான் வாழ்க்கை. தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளிலும் உண்டு. நம்ம ஆளுங்க அதைப் பார்த்தால் ‘நட்டுவாக்காலி’, ‘விஷப்பூச்சி’னு வாயில் வந்த பெயரைச் சொல்லி செருப்பைக் கழற்றுவாங்க.

சீனியாரிட்டியில் மட்டும் இதை அடிச்சுக்க ஆளே இல்லை. சாத்தனூர் கல்மரம் மரமாக நின்ற காலத்தில், அரியலூர் கடலுக்கடியில் கிடந்த காலத்தில்... அதாவது ஏறக்குறைய 10 கோடி வருஷத்துக்கு முன்னால், இந்த வம்சம் ஏற்கெனவே 20 கோடி வருஷத்தை ஓட்டி முடித்திருந்தது. அமெரிக்காவின் இல்லினாய்ஸில் கிடைத்த புதைபடிவத்துக்கு வயசு 30 கோடி ஆண்டுகள்!

ஆனால், இதுக்கு உலகப் புகழ் கிடைத்தது இராக் போரில்தான். 2003-ல் அங்கே போன அமெரிக்க சிப்பாய்கள் கிளப்பிவிட்ட கதைகள் இருக்கே... ‘ஜீப் வேகத்துக்குத் துரத்தும், ஒட்டகத்தின் வயிற்றைக் கிழிக்கும், தூங்கும்போது மரத்துப்போகிற ஊசி போட்டுட்டு சதையைத் தின்னும்’. அடுத்த வருஷம் ஒரு போட்டோ இமெயிலில் உலகத்தைச் சுற்றியது. முழங்காலில் இருந்து தரை வரைக்கும் தொங்குகிற ராட்சசன்! உற்றுப் பார்த்தால் அது ஒன்றல்ல, ரெண்டு. ஒன்று மற்றொன்றைக் கவ்விக்கிட்டு இருக்கு. கேமராவுக்குப் பக்கத்தில் வேற பிடிச்சிட்டாங்க. நிஜத்தில் பெரிய வகைகளே காலோடு சேர்த்து 15 சென்டிமீட்டர் வந்தால் அதிகம். வேகம்? கொஞ்ச தூரத்துக்கு மணிக்கு 16 கிலோமீட்டர் வரை. டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுற நம்ம வேகம்தான். துரத்துவதும் இல்லை. வெயிலில் நிழலைத் தேடி ஓடும். அப்போ பக்கத்தில் இருக்கிற ஒரே நிழல் உங்களோடது என்றால், அது உங்க பின்னாடிதான் வரும். நீங்க ஓடினா நிழலும் ஓடும். நிழல் ஓடினா...

சரி, ஆயுதங்களுக்கு வருவோம். இங்கேதான் மெக்கானிக்கல் பசங்களுக்கு வேலை.

டரன்டுலாவின் கால் மடங்குவது தசையால். நீட்டுவதோ உள்ளே ஓடும் திரவத்தின் அழுத்தத்தால். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொக்லைன் கை நீட்டுதே, கிட்டத்தட்ட அதே ஹைட்ராலிக் டெக்னிக்! செத்த சிலந்தி காலைச் சுருட்டிக்கொண்டு கிடப்பது இதனால்தான். பிரஷர் போச்சு. இதோட பலவீனமும் இதுதான். வயிற்றில் ஒரு கிழிசல் விழுந்தால் திரவம் வெளியே, ஆட்டம் க்ளோஸ். தாக்குதலுக்கு ரெண்டு விஷப்பல். கடப்பாரை இறங்குற மாதிரி மேலிருந்து கீழே குத்தும். அமெரிக்க டரன்டுலாக்கள் பல, வயிற்றில் இருக்கும் முடியைத் தட்டிவிட்டு எதிரியின் கண்ணை எரிய வைக்கும். நம்ம நாட்டு வகைகளுக்கு அந்த வசதி இல்லை. அதை ஈடுகட்டுற மாதிரி பொயசிலோதீரியாவின் விஷம் கொஞ்சம் காட்டம். மனிதனைக் கடித்தால் உயிர் போகாது. ஆனால், தசைப்பிடிப்பு சில நாள்கள் வரை படுத்தி எடுக்கும்.

ஒட்டகச் சிலந்தியிடம் விஷப்பல் கிடையாது. இருப்பது கொடுக்கு மாதிரி ரெண்டு தாடை. கட்டிங் பிளேயர் ரெண்டை அடுத்தடுத்து வைத்து மாற்றி மாற்றி அறுக்கிற மாதிரி கற்பனை பண்ணிக்குங்க. உடம்பு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் அந்தத் தாடைதான்! கறையான், வண்டு, சின்னத் தேள், பல்லி என்று கிடைத்ததைக் கூழாக்கிக் குடித்துவிடும். முன்னால் கால் மாதிரி நீட்டியிருக்கும் உணர்கொம்பின் நுனியில் ஒட்டிப் பிடிக்கும் பசை உறுப்பு வேறு. மூச்சு விஷயத்திலும் இது கில்லி. டரன்டுலாவுக்குப் புத்தகம் மாதிரி அடுக்கடுக்கான நுரையீரல். கொஞ்சம் ஓடினாலே இளைக்கும். இதுக்கோ உடம்பு முழுக்கக் காற்றுக்குழாய் நெட்வொர்க். ஆக்ஸிஜன் நேரடி சப்ளை. அதனால்தான் ராத்திரி பூரா ஓட முடியுது.

இந்தச் சண்டைக்குப் பந்தயம் கட்டுவதும் புதுசு இல்லை. முதல் உலகப் போரில் எகிப்தின் அபூகிர் முகாமில் இருந்த சிப்பாய்கள் ஒட்டகச் சிலந்திகளை மோதவிட்டுக் காசு வைத்து ஆடினாங்க. இரண்டாம் உலகப் போரில், லிபியாவில் தேளுக்கும் இதுக்கும் மேட்ச்.

நம்ம தீர்ப்பு? ஒரே சைஸ் என்றால், முதல் சில நொடி ஒட்டகச் சிலந்தியின் கையில். பாய்ந்து வயிற்றைக் கிழித்தால் ஜெயம். அந்தச் சான்ஸை விட்டு, ஒரு விஷப்பல் இறங்கிவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை. முழுசா வளர்ந்த அரக்கோணத்து ஆள் என்றால், என் ஓட்டு டரன்டுலாவுக்குத்தான். சைஸும் விஷமும் சேர்ந்து ஜெயிச்சுடும்.

இங்கே ஒரு ட்விஸ்ட். ஒட்டகச் சிலந்திக்கு விஷமே கிடையாது என்று உலகமே சொல்லிக்கொண்டிருக்க, 1978-ல் அருச்சாமி, சுந்தரராஜுலு என்ற ரெண்டு இந்திய ஆராய்ச்சியாளர்கள், ‘ராகோடஸ் நிக்ரோசிங்டஸ்’ என்ற இந்திய வகைக்கு விஷச்சுரப்பி இருக்கிறது, அதன் சாறு பல்லிகளை முடக்குகிறது என்று எழுதினார்கள். அதுக்கப்புறம் யாரும் அதை உறுதி செய்யவில்லை. இத்தனை வருஷமாக ஒட்டகச் சிலந்தி பற்றிய கட்டுரைகளில் ‘இந்த ஒன்றைத் தவிர’ என்று நம்ம ஊர் ஆராய்ச்சி ஓரமாக உட்கார்ந்திருக்கு! உயிரியல் படிக்கிறவங்களே... பிராஜெக்ட் டாபிக் தேடறீங்களா?

விஷத்தைப் பற்றிப் பேசும்போது அஸ்ஸாமைச் சொல்லாமல் விட முடியாது. 2012-ல் அங்கே சதியா என்ற ஊரில் சிலந்திகள் கூட்டமாக வந்து கடித்ததாக ஒரே பீதி. ரெண்டு பேர் இறந்தாங்க. டரன்டுலா என்று நாடு முழுக்க நியூஸ். ஆனால், கடிபட்ட சிலர் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் மந்திரவாதியிடம் போய், பிளேடால் கீறி ரத்தம் எடுத்திருந்தாங்க. இறந்தவர்களுக்குப் பிரேதப் பரிசோதனையும் நடக்கவில்லை. சிலந்தியா, பிளேடா என்று யாராலும் சொல்ல முடியாமல் போச்சு.

நம்ம பக்கமும் ‘பூச்சிக்கடியா... வா, பார்வை பார்க்கலாம்’ கேஸ் எக்கச்சக்கம். பருத்திக் காட்டிலும் சோளக் காட்டிலும் வெறுங்காலோடு நிற்கிற அம்மாக்களுக்கு டரன்டுலாவோ ஒட்டகச் சிலந்தியோ எமன் இல்லை. கண்ணாடிவிரியன் எமன். இருட்டில் கடித்தது எது என்று தெரியாதபோது, ‘சிலந்திதான்’னு பச்சிலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போயிடும். பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கு. அரியலூரில் 2022-ல் இருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கு. கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல் நேரே அங்கே போயிடணும்.

டப்பா மேட்ச் பார்ட்டிகளுக்கும் ஒரு தகவல். 2021-ல் போலந்தில் இருந்து அருப்புக்கோட்டைக்கு வந்த ஒரு பார்சலைச் சென்னையில் சுங்கத் துறை பிரித்தால், குட்டிக் குட்டிக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள்! மெக்ஸிகோ பக்கத்து டரன்டுலாக்கள். திருப்பி அனுப்பிட்டாங்க. நம்ம பொயசிலோதீரியா கூட்டம் மொத்தமும் 2019-ல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறிடுச்சு. ராமேஸ்வரத்து ஆள் அழிவின் விளிம்பில் இருக்கு. சண்டைக்கு ஆள் பிடிக்கக் கிளம்பினால் கடைசியில் வனத்துறையோடுதான் சண்டை போடணும்!

நிஜத்தில் இந்த ரெண்டும் சந்திப்பதே அபூர்வம். ஒன்று மரப்பொந்தில், இன்னொன்று பொட்டல் காட்டில். உங்க ரூமுக்கு வருவது பெரும்பாலும் ரெண்டாவது ஆள்தான். ட்யூப்லைட்டுக்கு வரும் பூச்சியைத் தேடி வந்திருக்கும். செருப்பை எடுக்காதீங்க. ஒரு பெரிய டம்ளரைக் கவிழ்த்து மூடி, அடியில் அட்டையைச் செருகி, தூக்கிப் போய் வெளியே விடுங்க. தாடை கெட்டி, விரலைக் குடுக்க வேணாம். விட்டுட்டு வந்ததும் மறக்காமல் கதவு பக்கத்து லைட்டை அணைச்சுடுங்க. இல்லேன்னா பத்தே நிமிஷத்தில் திரும்ப வந்து நிற்கும்.