குலை நோய்ப் பூசணமும் அதன் பெயர் மாற்றமும்

குலை நோயின் கொடுமையை நெல் பயிரிடுவோருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இலைகளில் கண் வடிவான புள்ளிகள் விழுவதும், கதிர்க் கழுத்து கறுத்து மணிகள் பதராவதும் யாவரும் கண்டதே. ஆயினும் இந்நோய்ப் பூசணத்திற்கு நூலுக்கு நூல் வேறு பெயர் காணப்படுவதால், வரப்புப் புல்லினின்றே நோய் வயலுக்குப் பரவுகிறதோ என்னும் ஐயம் எழுகிறது.

இத்தாலிய சாஸ்திரியான சக்கார்டோ 1880-ம் வருஷத்தில் பைரிகுலேரியா என்னும் பேரினத்தை வகுத்தார். பேரிக்காய் போன்ற வித்துக்களை உடைமையால் இப்பெயர் வந்தது. டிஜிடேரியா என்னும் களைப்புல்லில் வளரும் பூசணம் கிரிசியா எனவும், நெல்லில் வளர்வது ஒரைசே எனவும் வழங்கின. இரண்டின் வித்துக்களும் மூன்று அறைகள் கொண்டவை. பூதக்கண்ணாடியில் எவ்வளவு கூர்ந்து நோக்கினும் வேற்றுமை புலப்படாது. ஆகவே 1990-ல் அமெரிக்க சாஸ்திரிகள் சிலர் இரண்டும் ஒன்றே எனக் கொண்டு, மூத்த பெயராகிய கிரிசியாவையே நெல்லின் பூசணத்திற்கும் இட்டனர்.

உருவ ஒற்றுமை மட்டும் போதிய சான்றாகாது. நாற்றங்காலில் நெல்லோடு கலந்து நிற்கும் குதிரைவாலிக் களையைக் கதிர் வாங்கிய பின்னரே பலர் அறிகின்றனர் அன்றோ? 2002-ல் கௌச், கோன் என்னும் இருவர் மூன்று மரபணுக்களை ஒப்பிட்டனர். டிஜிடேரியாப் புல்லின் பூசணம் ஒரு கிளையாகவும், நெல், கேழ்வரகு, கோதுமை முதலியவற்றின் பூசணங்கள் மற்றொரு கிளையாகவும் பிரிந்தன. இவ்விரு கிளைகளும் தம்முள் கலந்து இனம் பெருக்குவதுமில்லை. எனவே நெல்லின் பூசணம் மீண்டும் ஒரைசே ஆயிற்று.

மேக்னபோர்த்தே என்னும் மற்றொரு பெயரும் சில காலம் வழங்கியது. அப்பேரினத்திற்கு மூலமானது நெல்லின் தண்டழுகல் பூசணம். அது குலை நோய்ப் பூசணத்திற்கு நெருங்கிய உறவன்று என மரபணுக்கள் காட்டின. ஆதலால் 2016-ல் அறிஞர் குழுவொன்று பைரிகுலேரியா என்பதையே கைக்கொள்ளுமாறு கூறிற்று.

அதே வருஷம் வங்காள தேசத்தில் கோதுமைப் பயிர் குலை நோயால் பெருஞ்சேதமுற்றது. அண்டை நெல் வயல்களினின்று அது வந்ததன்று, தென் அமெரிக்கக் கோதுமைப் பூசணத்தின் வழிவந்ததே என்பதும் மரபணுக்களாலேயே தெளிந்தது. கேழ்வரகின் பூசணம் நெல்லின் பூசணத்தோடு ஓரினமாயினும், பொதுவாக நெல்லைக் கடுமையாகத் தாக்குவதில்லை.

வரப்பைச் செதுக்குதல் நன்றே. ஆனால் டிஜிடேரியாப் புல்லை ஒழித்ததனால் குலை நோய் நீங்கிற்றென்று இருந்துவிடலாகாது. நோயுற்ற விதையும் வைக்கோலும், அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்துமே கவனத்திற்குரியவை. இலைகளைப் பரிசோதனைக்கு அனுப்பும் கிராம அதிகாரிகள் எப்பயிரில் எடுத்தது என்பதை உறைமேல் தவறாது குறிக்க வேண்டும். வித்தைக் கண்டு மட்டும் அதனைக் கூற இயலாது.