பிசுபிசுப்பு அழுக்கல்ல

கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்குத் துரு பழகிய எதிரி. கொட்டிவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தெரு ஒன்றில் வசிக்கும் நானும் பதினான்கு ஆண்டுகளாக என் காரின் அடிப்பகுதியைத்தான் குனிந்து குனிந்து பார்த்து வந்தேன். கெட்டுப்போனது என்னவோ உள்ளே. கதவின் உட்பிடி, ஜன்னல் சுவிட்சுகளைச் சுற்றியுள்ள பலகை, ஏசி காற்று வரும் வாய்களின் ஓரம் என எங்கே கை வைத்தாலும் பாதி உருகிய வெல்லப்பாகைத் தொட்டதுபோல் விரல் ஒட்டிக்கொண்டது. வெள்ளைச் சட்டையோடு ஏறியவர் கறுப்புக் கையோடு இறங்கினார்.

சோப்பு நீரால் துடைத்தேன், போகவில்லை. முகப்பவுடர் தூவினால் சரியாகும் என்றார் ஒருவர். இரண்டு நாள் சரியாக இருந்து மூன்றாம் நாள் மாவு பிசைந்த பலகைபோல் ஆயிற்று. பணிமனையில் கதவின் உட்பலகைகளை முழுமையாக மாற்றிவிடச் சொன்னார்கள். விற்றுவிடலாம் என்று பார்த்தால், வாங்க வந்தவர் என்ஜினைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே கதவுப்பிடியைத் தொட்டுவிட்டு முகம் சுளித்தார்.

இந்தப் பிசுபிசுப்பு அழுக்கு அன்று என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கடினமான பிளாஸ்டிக்கைத் தொட்டால் மென்மையான ரப்பரைத் தொடுவதுபோல் தோன்ற வேண்டும் என்பதற்காக, அதன்மேல் பாலியூரித்தேன் என்னும் வேதிப்பொருளால் மெல்லிய பூச்சு ஒன்றைக் கொடுக்கிறார்கள். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய பொருள் இது. மெத்தை, காலணி, பெயின்ட் என எல்லாவற்றிலும் இன்று இருக்கிறது. இதில் பாலியெஸ்டர் அடிப்படையிலான வகைக்கு ஒரு பலவீனம் உண்டு. காற்றிலுள்ள ஈரம் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியை இணைப்புகளில் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் அமிலம் தோன்றுகிறது. அந்த அமிலம் அடுத்த வெட்டை இன்னும் வேகப்படுத்துகிறது. அதனால்தான் பல ஆண்டுகள் ஒன்றும் ஆகாததுபோல் இருந்த பூச்சு, தொடங்கிய பின் சில மாதங்களிலேயே கூழாகிவிடுகிறது.

அலமாரியில் பத்திரமாக வைத்த விலை உயர்ந்த காலணியின் அடி, திருமண நாளன்று எடுத்துப் போட்டதும் உதிர்ந்து விழுந்த அனுபவம் பலருக்கு இருக்கும். காரணம் இதே ஈரந்தான். பழைய கேமராவின் கைப்பிடியும் குடையின் பிடியும் ஒட்டத் தொடங்குவதும் அப்படித்தான். குளிர்ந்த, வறண்ட நாட்டில் கூடுதல் காலம் தாங்கும் பூச்சு, மூடிய காருக்குள் வெயிலும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து வேகும் சென்னையில் அவ்வளவு தாங்காது. நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்து வார்க்கப்பட்ட, பூச்சே இல்லாத மலிவான கார்கள் இந்த விஷயத்தில் தப்பித்துக்கொள்வது ஒரு வேடிக்கை.

எனவே செய்ய வேண்டியது கழுவுவதன்று, உரிப்பது. கரோனா காலத்தில் கைகழுவும் திரவமாக நமக்கெல்லாம் அறிமுகமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலே இதற்குப் போதும். பழைய பனியன் துணியை அதில் நனைத்துப் பூச்சின்மேல் சில நிமிடங்கள் போர்த்தி வைத்தால், பூச்சு இளகிச் சுருள் சுருளாக வரும். இடுக்குகளுக்குப் பல்துலக்கும் பழைய பிரஷ். பொறுமையிழந்து தின்னரையோ, அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியையோ எடுத்துவிடக் கூடாது. காரின் உட்பாகங்களில் பரவலாகப் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்துவிடும். பூச்சோடு பலகையும் போய்விடும். ஆல்கஹாலும் எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆகவே கழற்ற முடிந்தவற்றைக் கழற்றி வெளியே வைத்துச் செய்வதே நல்லது. முடியாவிட்டால் பேட்டரி இணைப்பை நீக்கி, நான்கு கதவுகளையும் திறந்து வைத்துச் செய்ய வேண்டும்.

சுவிட்சுகளில் நான் ஒரு தவறு செய்தேன். இரவில் ஒளிரும் சுவிட்சுகளில், ஒளி ஊடுருவும் வெள்ளை பிளாஸ்டிக்கின்மேல் கறுப்புப் பூச்சு இருக்கும். அந்தக் கறுப்பை லேசரால் செதுக்கித்தான் குறியீடுகளை உருவாக்குகிறார்கள். அதைத் துடைத்தால் குறியீடும் சேர்ந்து போகும். என் காரின் பின்ஜன்னல் பூட்டு சுவிட்சு இப்போது எந்தக் குறியும் இல்லாமல் இரவில் முழு நிலவாக ஒளிர்கிறது.

உரித்த பிறகு அடியில் இருப்பது பெரும்பாலும் நல்ல கறுப்புப் பிளாஸ்டிக்தான். பலருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும். முடித்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். பெயின்ட் அடித்தே ஆகவேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் வீண்வேலை. சாம்பல் நிறப் பலகையில் திட்டுத்திட்டாகக் கறை தெரிந்ததால்தான் நான் அடுத்த படிக்குப் போனேன்.

கழற்றிய பலகையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், இரு கூர்முனைக் குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ், பிபி போன்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். எந்தப் பிளாஸ்டிக் என்பதை மறுசுழற்சி செய்பவர் அறிவதற்காகச் சர்வதேசத் தரவிதிப்படி இடப்படும் முத்திரை அது. நமக்கு அது வேறுவிதத்தில் உதவுகிறது. ஏபிஎஸ் என்றால் சாதாரண பிளாஸ்டிக் பிரைமர் பிடித்துக்கொள்ளும். பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன் என்றால் பிடிக்காது. தாமரை இலைபோல் எதையும் ஒட்டவிடாத பரப்பு அதற்கு. அதற்கென்று விற்கும் ஒட்டுதிறன் கூட்டும் பூச்சை முதலில் அடிக்காவிட்டால், இரண்டாம் மாதமே விரல் நகத்தில் பெயின்ட் தோல்போல் உரிந்து வரும்.

இன்னொரு எதிரி, டேஷ்போர்டு பளபளக்க நாம் ஆசையோடு தடவும் பாலிஷ். அதிலுள்ள சிலிக்கோன் பெயின்டை விலக்கித் தள்ளுவதால் பூச்சில் வட்ட வட்டமாகக் குழிகள் விழும். பாத்திரம் துலக்கும் சோப்பால் இருமுறை கழுவி, உலர்த்தி, ஆல்கஹாலால் மீண்டும் துடைத்தபின்னரே பிரைமர். மழமழப்பான பலகையை 600 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்கலாம். தோல்போன்ற வரிகள் உள்ள பலகையைத் தேய்த்தால் வரிகளே மழுங்கிவிடும். அதற்குப் பாத்திரம் தேய்க்கும் நார் போதும்.

பெயின்ட் டப்பாவின்மேல் எழுதியிராத ஒன்றைக் கொட்டிவாக்கம் எனக்குக் கற்றுத்தந்தது. முதல் பலகைக்கு மாலை நான்கு மணிக்கு, வெயில் தாழ்ந்தபின் அடித்தேன். அரைமணியில் கறுப்பின்மேல் பால் தெளித்ததுபோல் வெண்படலம் படர்ந்தது. பெயின்டிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது. கடற்காற்றின் ஈரம் அந்தக் குளிர்ச்சியில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. கோடையில் சென்னையில் முற்பகல்வரை நிலக்காற்று. நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று திரும்பும்போது காற்றின் ஈரப்பதம் ஏறிவிடும். எனவே காலை ஒன்பதுக்குமேல் தொடங்கி, நண்பகலுக்குள் கடைசிப் பூச்சும் உலர்ந்துவிட வேண்டும். மெல்லிய பூச்சுகள் மூன்று, இடையே பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் பூச்சு இறுகிவிட்டதாகவும் எண்ண வேண்டாம். ஒரு வாரமாவது விட்டபின் பொருத்தினால்தான் பெயின்ட் வாசனை காருக்குள் தங்காது.

நிறத்தைவிட முக்கியம் பளபளப்பு. டேஷ்போர்டின் மேற்பரப்பில் பளபளக்கும் பெயின்ட் அடித்தால், பகல் வெயிலில் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். அங்கே மங்கலான பூச்சுதான் பொருந்தும்.

உறுதி கூடுதலாக இருக்கும் என்று கடைக்காரர்கள் பரிந்துரைக்கும் இருகலவை பெயின்டுகளை வீட்டில் தொட வேண்டாம். அவற்றின் இறுக்கியில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. 1984-இல் போபாலில் கசிந்த வாயுவின் வேதிக் குடும்பம். அதே வாயு அன்று, ஆனால் தெளிப்பாக நுரையீரலுக்குள் போனால் நிரந்தர ஆஸ்துமாவைத் தரவல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்டு முதல், பயிற்சி பெறாத தொழிலாளர்கள் இவ்வகைப் பொருள்களைக் கையாளவே முடியாது. நம் ஊரில் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நாள்முழுதும் தெளிப்பவர்களைத் தெருவோரப் பட்டறைகளில் காண்கிறோம். துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. நான் ஒருநாள் வேலைக்கு இத்தனை எச்சரிக்கை சொல்கிறேன். அவர்களுக்கு அதுவே பிழைப்பு.

அரசின் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது, அதில் அடங்கிய நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. கைப்பேசித் திரையும் பேட்டரியும்தான் இதுவரை பேசப்படுகின்றன. ஒரு பூச்சு இத்தனை ஆண்டுகளில் கூழாகும், இதைக்கொண்டு உரிக்கலாம், இந்த பிரைமர் பிடிக்கும் என்று காரின் கையேட்டில் ஒரு பக்கம் அச்சிடத் தயாரிப்பாளருக்கு என்ன செலவு? அதே ஆண்டு ஏப்ரல் முதல், பதினைந்து ஆண்டு நிறைந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பழையதை வைத்திருப்பவரிடம் கூடுதலாகக் கேட்கும் அரசு, அதைப் பழுதுபார்ப்பதற்கான தகவலைத் தயாரிப்பாளரிடம் கேட்டுத் தருவதில் தவறில்லை.

என் காரில் இன்னும் ஓரிடம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இடப்பக்க இருக்கைக்கு முன்னே, டேஷ்போர்டில் காற்றுப்பை அடங்கிய மூடி. மோதலின்போது நொடியில் முப்பதில் ஒரு பங்குக்குள் பை விரிவதற்காக, குறித்த கோட்டில் கிழியுமாறு அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதன்மேல் புதிய பெயின்ட் ஏறினால் கிழிவது மாறலாம். உதிரும் சில்லுகள் முகத்தில் பாயலாம். ஸ்டீரிங்கின் நடுப்பகுதிக்கும் இதே விதி. அந்த மூடியை ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டேன். அங்கே உட்காருபவரிடம், முன்னால் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிடுகிறேன்.