குத்தகை நிலமும் நெல் விவசாயியும்

காவிரி டெல்டாவில் உழுபவர் எல்லோரும் நிலத்தின் சொந்தக்காரர் அல்ல. கோயில், மடம், தனியார் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து நெல் விளைவிப்போர் ஏராளம். குத்தகையில் இரு வகை உண்டு. வாரம் எனும் பங்கு முறையில், களத்தில் அளக்கும் நெல் இருவருக்கும் பங்காகிறது. விளைச்சல் பொய்த்தால் நட்டமும் பங்காகும். நிலையான குத்தகையில் பேசிய மூட்டைகளைக் கொடுத்தே ஆகவேண்டும். வெள்ளமோ வறட்சியோ வந்தால் சுமை முழுதும் உழுபவர் தலையில்தான்.

1952-இல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955-இல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் திடீர் வெளியேற்றத்துக்குத் தடை போட்டன. 1956-இன் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செய்க்கு விளைச்சலில் 40 சதவீதம் என வரம்பு வைத்தது. பின்னர் அது 25 ஆகக் குறைந்தது.

ஆனால் வாய்மொழிக் குத்தகைக்கு ஆவணம் இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். பட்டா வேறொருவர் பெயரில் இருப்பதால், கூட்டுறவுப் பயிர்க்கடனும் காப்பீடும் எட்டாமல் போகின்றன. அடுத்த போகம் உறுதியில்லாதவர், பலன் தாமதமாகத் தரும் தொழுவுரத்துக்கும் வரப்புச் சீரமைப்புக்கும் பணம் போடத் தயங்குகிறார்.