நடவாத சரித்திரமும் மேசைப் போர் விளையாட்டும்

கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த இளையரசனேந்தலில் வளர்ந்த நமக்குப் பாளையக்காரர் சரித்திரம் ஏட்டில் மட்டும் கண்ட செய்தியன்று. மேற்கே பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவல், கிழக்கே எட்டயபுரம், தென்கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி, தெற்கே, வீரபாண்டிய கட்டபொம்மன் 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு. இவ்வூர்க் கதைகளைக் கேட்டோர், "அன்று வேறு விதமாய் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும்?" என்று ஒரு முறையேனும் எண்ணாதிரார். அவ்வெண்ணத்தை ஒரு மேசை விளையாட்டாக்கி, அதற்கு வழிகாட்டி நூல் எழுதி, நாமே வெளியிடும் வகையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஆடுபுலி ஆட்டத்திலும் சதுரங்கத்திலும் கட்டங்கள் என்றும் மாறா. மேசைப் போரிலோ நிலப்படமும், பகடையும், படைகளின் வலிமைக்கேற்ற விதிகளும் உண்டு. பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியாகிய ரைஸ்விட்ஸ் 1824-இல் இத்தகைய விதிகளை அச்சிட்டார். எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலால் இதனைப் பொதுமக்களிடம் கொணர்ந்தார். 1931-இல் ஜே. சி. ஸ்கொயர் தொகுத்த நூலொன்றில் சர்ச்சில் முதலிய பலர் நடவாத சரித்திரங்களைப் புனைந்தெழுதினர். பிற்காலத்தில் இவ்விரண்டும் ஒன்று கூடின. 1936-இல் எட்டாம் எட்வர்டு மன்னர் முடி துறவாதிருந்தால் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டிருக்கும் எனக் கொண்டு, மேசைப் போருக்கான வழிகாட்டி நூல்கள் அங்கே வெளிவந்துள்ளன.

இனி நம் நாட்டு நிகழ்ச்சியொன்றைக் கொள்வோம். 1799 மே 4-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர், கும்பினியாரின் படை தெற்கே திரும்ப ஓய்வு பெற்றது. அவ்வாண்டிலேயே பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிச் சென்று, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பினார். மார்ச் 31-இல் மெக்காலே நடத்திய தாக்குதல் முறியடிக்கப்பட்டது. பின்னர் அக்னியூ என்பார் பெரும்படையும் பீரங்கியும் கொணர்ந்து மே 24-இல் கோட்டையைப் பிடித்தார். அதன் பின்னரே ஊமைத்துரை சிவகங்கை சென்று மருது சகோதரரோடு சேர்ந்தார். இரு தாக்குதல்களுக்கும் இடையே 54 நாட்கள் கழிந்தன. இவ்விருவர் படைகளும் அந்நாட்களிலேயே ஒன்றுபட்டிருந்தால்? நமது நூலின் வாயில் இதுவே.

இங்கே மூன்று நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். முதலாவது, ஒன்றை மட்டுமே மாற்றுக; ஏனையவை நடந்தபடியே நிற்கட்டும். இரண்டாவது, மாற்றம் இயலக்கூடியதாயிருத்தல் வேண்டும். மருது சகோதரர் பின்னர் அடைக்கலம் அளித்தமையால், முன்னரே உதவியிருக்கக்கூடும் என்பது பொருந்தும். மூன்றாவது, எதிரியை மூடனாக்கலாகாது. நாம் ஒன்று மாற்றினால், அக்னியூவும் தம் வழியை மாற்றுவார். அதற்கும் விதி வகுக்க வேண்டும்.

நிலத்தின் இயல்பும் விதியில் இடம் பெறுதல் வேண்டும். மழைக்குப் பின் கரிசலில் வண்டிச் சக்கரம் புதைவதை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். ஆதலின் மழை நாளில் பீரங்கி பாதித் தொலைவே செல்லும் என விதிக்கலாம். மண்சுவரைக் குண்டு துளைப்பது கற்சுவரைத் துளைப்பது போன்றதன்று. முற்றுகையை நேரிற் கண்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நூலும், கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரமும் இவ்விஷயத்திற்குப் பெருந்துணை.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு திண்ணையில் நிலப்படம் விரித்து, புளியங்கொட்டைகளைப் படையாக வைத்து இதனை ஆடிப் பார்த்தோம். எட்டயபுரப் பக்கத்திலிருந்து வந்திருந்த முதியவரொருவர் நெடுநேரம் நோக்கியிருந்து, "தம்பிகளா, உங்க புளியங்கொட்டை அடுத்த ஆட்டத்துக்கு எழுந்திரிச்சிரும். கயத்தாத்துப் புளியமரத்தில தொங்கினவரு எழுந்திரிப்பாரா? எங்க பாட்டன்மார எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க?" என்று வினவினார். நமக்கு விடை தோன்றவில்லை. கும்பினிக்கு உதவியோர் வழியினரும் எதிர்த்தோர் வழியினரும் இன்றும் அண்டை ஊர்களில் சம்பந்தமும் கொடுக்கல் வாங்கலுமாய் வாழ்கின்றனர் என்பதை நாம் மறந்திருந்தோம்.

அன்று முதல் நூலின் அமைப்பையே மாற்றினோம். நடந்தது ஒரு பகுதி. புனைந்தது மற்றொரு பகுதி. புனைந்த பக்கம் ஒவ்வொன்றின் தலைப்பிலும் 'நடவாதது' என்னும் சொல் நிற்கும். எப்பாளையத்தையும் துரோகியென்றோ வீரனென்றோ விதி கூறாது. அவரவர்க்கிருந்த அச்சமும் ஆதாயமும் மட்டுமே எழுதப்படும். பொய்யை மெய்யென்று நம்பும் வாசகன் ஒருவன் உண்டாயினும் அப்பழி எழுதினோரையே சாரும்.

வெளியிடுதல் அத்துணை அரிதன்று. அமெரிக்காவில் 1974-இல் கைகாக்ஸும் ஆர்னிசனும் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு, கைகாக்ஸும் நண்பரும் தொடங்கிய சிறு நிறுவனத்தின் வாயிலாக 1000 பிரதிகளே முதலில் வெளிவந்தது. பின்னர் உலகெங்கும் பரவிற்று. நமக்குச் சிவகாசி அண்மையிலுள்ளது. 16 பக்கம் ஒரு பாரம் எனக் கணக்கிட்டு எழுதினால் காகிதம் வீணாகாது. மெய்ப்பைப் பிறர் ஒருவர் திருத்தல் வேண்டும். விதிகளை நாம் அருகில் இல்லாத வேளையில் அயலார் ஆடிப் பார்த்தல் வேண்டும். அவர் தயங்கி நிற்குமிடமே நாம் தெளிவுற எழுதாத இடம். பன்னாட்டு நூல் எண் இந்தியாவிற் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்கத்தா தேசிய நூலகத்திற்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட பிற நூலகங்களுக்கும் பிரதி அனுப்புதல் கடமை.

நண்பர்காள், நடவாததை எண்ணிப் பார்ப்பது நடந்ததை மறப்பதற்கன்று. அன்று நின்றவர் முன் எத்தனை வழிகள் இருந்தன என்று உணர்வதற்கே. நூல் அச்சேறியதும் முதற் பிரதியை அம்முதியவர் கையிலேயே கொடுக்கக் கருதியுள்ளோம்.